யாரும் கேட்காத நேரம்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பர்கள் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். பே ஏரியாவில் இன்னும் வெயில் இறங்கியிருக்காது. நான் இரண்டுக்கும் நடுவே, டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு எனக்கு இரவு டியூட்டி இல்லை. அதனால்தான் இந்த நேரத்தில் உங்களோடு இருக்க முடிகிறது. அழைத்தவர்களுக்கு நன்றி.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு முறையான சங்கீதப் பயிற்சி கிடையாது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சபையில் பாடகர் குழுவில் நின்று பாடியிருக்கிறேன், அவ்வளவுதான். படித்தது நர்சிங் டிப்ளமோ. வேலை பார்ப்பது சுவாச நோயாளிகள் இருக்கும் பிரிவில். ஆகவே ராக லட்சணம் பற்றி யாரும் கேள்வி கேட்டுவிடாதீர்கள். மூச்சைப் பற்றிக் கேட்டால் ஏதோ கொஞ்சம் சொல்வேன்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சின்ன விஷயம். ஒரு குழந்தை, ஊதுகிற வாத்தியம் ஒன்றில், தன் வயதுக்கு மீறிய ஒரு கடினமான உருப்படியைப் பழகுகிறது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கும் பெரியவர்கள் என்ன செய்ய வேண்டும்? நம்மில் பலருடைய வீட்டில் இது தினமும் நடக்கிறது. ஆனால் இதைப் பற்றி நாம் பேசுவதில்லை. வகுப்புக் கட்டணம், போட்டி, பரிசு இவற்றைப் பற்றித்தான் பேசுகிறோம்.

புல்லாங்குழல் மாலியிடமிருந்து தொடங்கலாம். அவருடைய முழுப்பெயர் டி.ஆர். மகாலிங்கம். அதே பெயரில் புகழ்பெற்ற நடிகரும் பாடகருமான ஒருவர் இருந்ததால், குழல் வாசித்தவரை மாலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். 1926-இல் திருவிடைமருதூரில் பிறந்தவர். அவருடைய மாமா கோபால ஐயர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார். மாலிக்கும் வாய்ப்பாட்டுதான் பாடம். ஆனால் பையனுக்குக் குழல்மேல் ஆசை. பாட்டில் கேட்டதையெல்லாம் யாருக்கும் தெரியாமல் குழலில் ஊதிப் பார்த்திருக்கிறான்.

மாலியைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. ஒரு நாள் மாமா வெளியே போயிருந்தார். பையன் குழலை எடுத்து விரிபோணி வர்ணத்தை வாசித்தான். திரும்பி வந்த மாமா அதைக் கேட்டுத் திகைத்து நின்றார். பையனுக்கு அப்போது ஐந்து வயது என்கிறார்கள். அதற்குப் பிறகுதான் குழல் சொல்லிக்கொடுக்க மாமா சம்மதித்தார்.

விரிபோணி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பைரவி ராகம், அட தாளம். பச்சிமிரியம் ஆதியப்பையா இயற்றியது. சியாமா சாஸ்திரிக்கு ஆசிரியராக இருந்தவர் இவர். நாம் பழகிய ஆதி தாளத்துக்கு எட்டு அட்சரம் என்றால் இந்தத் தாளத்துக்குப் பதினான்கு. சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், பிறகு ஆதி தாள வர்ணங்கள், இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பிள்ளைகள் அட தாள வர்ணத்துக்கு வருவார்கள். பைரவியில் ஏறும்போது ஒரு தைவதம், இறங்கும்போது வேறொரு தைவதம். இவ்வளவையும் ஒரு மூங்கில் துண்டில் சொல்ல வேண்டும். துளையைப் பாதி மூடி, கால்வாசி திறந்து, விரலை உருட்டி, உதட்டை நகர்த்தித்தான் அந்த அசைவுகள் வரும்.

இந்தக் கதையை நாம் எப்போதும் மேதைமையின் கதையாகத்தான் சொல்கிறோம். ஐந்து வயதில் விரிபோணி, என்ன பிறவி என்று வியப்போம். எனக்கு வேறொரு இடத்தில் மனம் நின்றுவிட்டது. மாமா கேட்ட அந்த ஒரு நாள் நமக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாட்கள்? மேதையாகவே இருந்தாலும் அந்த வர்ணம் முதல் தடவையிலேயே குழலில் வந்திருக்காது. எத்தனையோ முறை காற்று மட்டும் போயிருக்கும். சின்னக் கை. துளைகள் எட்டாமல் விரல் நழுவியிருக்கும். ஆனால் அந்தத் தப்புகளைக் கேட்ட சாட்சி ஒருவரும் இல்லை. யாரும் கேட்காத நேரம் அந்தப் பையனுக்குக் கிடைத்திருக்கிறது. வீட்டில் பெரியவர் இல்லாத பொழுதில் அந்த வர்ணம் உருவாகியிருக்கிறது.

இதை ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், என் தொழிலில் முதல் வருடத்திலேயே இதைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். நோயாளியின் மூச்சை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு எத்தனை முறை என்று குறிக்க வேண்டும். நலமாக இருக்கும் பெரியவர்களுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை இருக்கும். ஆனால் எண்ணப்போகிறேன் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சு மாறிவிடும். உங்கள் மூச்சை இப்போது கவனியுங்கள் என்று நான் சொன்ன இந்த நொடியிலேயே உங்களுக்கு மாறியிருக்கும். அதனால் நாங்கள் மணிக்கட்டில் விரலை வைத்து நாடி பார்ப்போம். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை எடுக்க மாட்டோம். நாடி பார்ப்பதுபோலவே வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் நெஞ்சின்மேல் வைத்து மூச்சை எண்ணுவோம். நோயாளி நாடி பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பார். அவருடைய இயல்பான மூச்சு நமக்குக் கிடைக்கும்.

கவனிக்கிறோம் என்று தெரிந்தாலே மாறிவிடுகிற சில விஷயங்கள் மனிதனிடம் இருக்கின்றன. மூச்சு அதில் ஒன்று. ஊதுகிற வாத்தியத்தைப் பழகுவது முழுக்க மூச்சுதான்.

இனி என் வீட்டு விஷயம். என் மகனுக்குப் பதின்மூன்று வயது. இங்கே டெக்சாஸில் ஆறாம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேரலாம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒவ்வொரு வாத்தியத்தையும் வாயில் வைத்து ஊதிப் பார்க்கச் சொல்வார்கள். இவன் கிளாரினெட்டைத் தேர்ந்தெடுத்தான். ஊருக்குப் போன் பண்ணி எங்கம்மாவிடம் சொன்னேன். "கிளாரினெட்டா? துட்டி வீட்டு பேண்டுல ஊதுவாவளே, அதா? ஏட்டி, பிள்ளைக்கு வேற ஒண்ணும் கெடைக்கலியா?" என்றார்கள். எங்கள் பக்கத்தில் கிளாரினெட் என்றால் சவ ஊர்வலத்திலும் கல்யாண ஊர்வலத்திலும் போகிற பேண்டு செட்தான். ஆனால் அதே வாத்தியம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தஞ்சாவூர்ப் பக்கம் சதிர் மேளத்தில் நுழைந்துவிட்டது. பிறகு திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைக் கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் உட்கார வைத்தார். 2022-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வாசிப்பை யூடியூபில் தேடி அம்மாவுக்கு அனுப்பினேன். "இது நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். அதற்குப் பிறகு ஆட்சேபம் இல்லை.

கிளாரினெட்டின் கஷ்டம் என்ன என்று கொஞ்சம் சொல்கிறேன். புல்லாங்குழலில் அதே விரல்களை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுத்தி ஊதினால் அதே ஸ்வரம் மேல் ஸ்தாயியில் வரும். கிளாரினெட் அப்படி இல்லை. கீழே ஸட்ஜமம் வாசித்த விரல்களோடு மேலே போனால் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வந்து நிற்கும். ஆகவே கீழுக்கு ஒரு விரல் கணக்கு, மேலுக்கு ஒரு விரல் கணக்கு. இரண்டும் சந்திக்கிற இடத்தைப் பிள்ளைகள் பிரேக் என்கிறார்கள். ஏ என்ற ஸ்வரத்தில் துளைகள் எல்லாம் திறந்து கிடக்கும். அடுத்த பி-க்குப் போக எல்லாத் துளைகளையும் ஒரே கணத்தில் மூட வேண்டும். பின்பக்கம் கட்டைவிரலில் ஒரு சாவியையும் அழுத்த வேண்டும். ஒரு விரல் மயிரிழை விலகினாலும் வாத்து கத்துவதுபோல் ஒரு சத்தம். ஆறாம் வகுப்பு முழுக்க எங்கள் வீட்டில் வாத்துதான்.

இந்த வருடம் அவன் பழகுவது மோட்சார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோ. அதில் இரண்டாம் பகுதி, அடாஜியோ. மெதுவாகப் போகிற பகுதி. 'அவுட் ஆஃப் ஆஃப்ரிக்கா' படம் பார்த்தவர்களுக்குக் காதில் இருக்கும். தாளைப் பார்த்தால் எளிது என்று தோன்றும். வேக ஸ்வரங்கள் அதிகம் இல்லை. இவ்வளவுதானா என்று அவன் அப்பாவே கேட்டார். போட்டி நடுவர்களிடம் எடுபட வேண்டுமானால் விரல் பறக்கிற உருப்படியாக எடுக்கலாமே என்று அவனுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை. இதுதான் வேண்டும் என்றான்.

வாசிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. முதல் எட்டுத் தாளக்கட்டுகளைக் கிளாரினெட் பாடுகிறது. பிறகு அதையே வாத்தியக் குழு திருப்பிப் பாடுகிறது. அந்த எட்டும் ஒரே நினைப்பாக, உடையாமல் வர வேண்டும். மெல்லிய சத்தத்தில் தொடங்க வேண்டும். அதிகக் காற்றை ஓங்கி ஊதுவது சுலபம். கொஞ்சம் காற்றை நடுக்கமில்லாமல், சீராக, நீளமாக விடுவதுதான் கஷ்டம். இதை என் நோயாளிகளிடம் கேட்டால் சொல்வார்கள். நுரையீரல் பாதித்தவர்களுக்கு மூச்சை இழுப்பதைவிட விடுவதுதான் பெரும்பாடு. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதச் சொல்லித்தான் அவர்களுக்கும் பழக்குகிறோம்.

அவன் தாளில் மூச்சு எடுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் காற்புள்ளி போல் ஒரு குறி போடுவான். முதல் எட்டுத் தாளக்கட்டுகளில் ஆரம்பத்தில் ஆறு காற்புள்ளிகள் இருந்தன. சில வாரம் கழித்து இரண்டு அழிந்திருந்தன. அழித்த இடத்தில் தாள் சுரண்டிப்போயிருந்தது. ஒன்றை அழித்து மறுபடி போட்டு மறுபடி அழித்திருந்தான். அவன் பள்ளிக்குப் போன பிறகு மேசையைத் துடைக்கும்போது நான் பார்த்தது இது.

நான் ராத்திரி ஏழிலிருந்து காலை ஏழு வரை டியூட்டி பார்ப்பவள். பகலில் தூங்குவேன். அவன் பள்ளி விட்டு வந்து நான்கு, நாலரைக்கு வாசிக்கத் தொடங்குவான். அந்த நேரத்துக்கு எனக்குத் தூக்கம் கலைந்திருக்கும். கதவைச் சாத்திப் படுத்திருப்பேன். அம்மா தூங்குகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பான். பேண்டு வாத்தியச் சத்தத்தில் அம்மா எப்படித் தூங்குவாள் என்று யோசிக்கிற வயது இல்லை. சிறு வயதிலிருந்தே தூங்குகிற அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன்.

சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் கவனித்தது ஒன்று உண்டு. இந்த உரையில் நான் சொல்ல வந்ததே அதுதான். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டால் அவன் வாசிப்பு மாறிவிடும். அடாஜியோ நின்றுவிடும். போன வருடம் நன்றாகப் பழகிய ஒரு துண்டு வரும். விரல் ஓடுகிற துண்டு. தப்பே இல்லாமல் வாசிப்பான். நான் மறுபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் கொஞ்ச நேரத்தில் அடாஜியோ தொடங்கும். மூன்றாவது தாளக்கட்டில் உடையும். மறுபடி. மறுபடி. கேட்கிறவர் இருந்தால் குழந்தை தனக்குத் தெரிந்ததை வாசிக்கிறது. கேட்கிறவர் இல்லாவிட்டால் தெரியாததை வாசிக்கிறது. பயிற்சி என்பது இந்த இரண்டாவதுதான். முதலாவது கச்சேரி. நம் வீடுகளில் பயிற்சி நடக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி சின்னச் சின்னக் கச்சேரிகள்.

ஒரு நாள் நாற்பது நிமிடம் இரண்டே தாளக்கட்டுகளை வாசித்தான். அப்புறம் சத்தம் நின்றது. வாத்தியத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைப்பது கேட்டது. கிளாரினெட்டை ஐந்து துண்டாகக் கழற்றலாம், ஒவ்வொன்றும் வைக்கிற சத்தம் எனக்குப் பழக்கம். பெட்டியின் இரண்டு கொக்கிகளும் மூடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அழுகிறானா என்று தெரியவில்லை. எழுந்துபோய்த் தோளில் கை வைக்கலாம். பால் காய்ச்சிக் கொடுக்கலாம். விடுடா, வேற பாட்டு எடுத்துக்கலாம் என்று சொல்லலாம். நான் எழுந்து போகவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணுவதுபோல் படுத்திருந்தேன். என் வேலையில் ஓடிப்போக வேண்டிய சத்தம் எது, காத்திருக்க வேண்டிய சத்தம் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பாதி வேலை. இது காத்திருக்க வேண்டியது என்று பட்டது. பத்து நிமிடம் இருக்கும். கொக்கிகள் திறக்கிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு அவன் வாசித்தது முன்னைவிட நன்றாக இருந்ததா என்றால், இல்லை. அப்படியேதான் இருந்தது. ஆனால் பெட்டியைத் திறந்தது அவன். நான் போயிருந்தால் என் சமாதானத்துக்காகத் திறந்திருப்பான். அது வேறு.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். குழந்தையைத் தனியே விட்டால் பழகுமா? கேம்தானே விளையாடும்? என் வார்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு மூச்சை உறிஞ்சிப் பழக ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுப்போம். உறிஞ்சினால் உள்ளே இருக்கிற தட்டு மேலே ஏறும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை செய்ய வேண்டும். நான் பக்கத்தில் நின்றால் செய்வார்கள். நகர்ந்தால் அது மேசையில் கிடக்கும். அங்கே கண்காணிப்பு இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை. இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் வித்தியாசத்தைப் பாருங்கள். அந்தக் கருவியை நோயாளி விரும்பி வாங்கவில்லை, நாங்கள் கையில் திணித்தோம். மாலி குழலை எடுத்தது யாரும் எடுத்துக் கொடுத்து அல்ல. வாய்ப்பாட்டு படி என்ற வீட்டில் அவராக எடுத்தது அது. என் மகனுக்கு அடாஜியோவை நாங்கள் யாரும் சொல்லவில்லை. தனியே விடுவது பலிக்க வேண்டுமானால் அந்தக் கஷ்டத்தை அந்தக் குழந்தை தானே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டுத் தனியே விட்டால் கேம்தான் விளையாடும். அதில் குழந்தையின் குற்றம் எதுவும் இல்லை.

இன்னொரு கேள்வியும் வரும். நம் மரபு குருகுலம் அல்லவா? விடிகாலையில் குருவின் பக்கத்தில் உட்கார்ந்துதானே சாதகம் செய்தார்கள்? அங்கே எப்போதும் ஒரு காது இருந்ததே? இருந்தது. ஆனால் குருவின் காது வேறு, பெற்றோரின் காது வேறு. குரு அடுத்து செய்ய வேண்டியதைக் கேட்கிறார். விரல் எங்கே, மூச்சு எங்கே, இதை இப்போது திருத்துவதா நாளைக்கா என்று கேட்கிறார். நாம் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று கேட்கிறோம். குழந்தைக்கு இந்த வித்தியாசம் நமக்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. மாலியின் மாமா அன்று கேட்டுவிட்டு, உடனே நாலு பேரை அழைத்து வாசிக்கச் சொன்னதாகக் கதை இல்லை. சொல்லிக்கொடுக்கச் சம்மதித்தார் என்றுதான் இருக்கிறது. கேட்ட பிறகு ஒரு பெரியவர் செய்யக்கூடிய நல்ல காரியம் அது.

ஆனால் மாலியின் கதை அங்கே முடியவில்லை. 1933-இல், ஏழு வயதில், மயிலாப்பூரில் தியாகராஜர் உற்சவத்தில் முதல் கச்சேரி. பரூர் சுந்தரம் ஐயரும் முசிறி சுப்பிரமணிய ஐயரும் அந்தச் சிறுவனுக்குச் சால்வை போர்த்தினார்கள். அதன் பிறகு ஊர் முழுக்கக் கேட்கத் தொடங்கிவிட்டது. அவர் குழல் வாசிப்பையே மாற்றினார் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சரப சாஸ்திரியும் அவர் சீடர் பல்லடம் சஞ்சீவ ராவும் குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக ஆக்கிவைத்திருந்தார்கள். மாலி உதட்டுப் பிடிப்பையும் விரல் பிடிப்பையும் மாற்றி, தொண்டையில் வருகிற கமகத்தைக் குழலில் கொண்டுவந்தார். அவர் வழியில் வந்தவர்தான் என். ரமணி.

அதே மாலி கச்சேரிக்கு வராமல் போவதற்கும் பேர்போனவர். வந்தாலும் பாதியில் எழுந்து போய்விடுவார். குடிப்பழக்கம் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில் நம் அமெரிக்காவுக்கு வந்து சில ஆண்டுகள் வாழ்ந்தார். 1986-இல் காலமானார். அறுபது வயது நிறையவில்லை. இதற்கெல்லாம் காரணம் குழந்தைப் பருவத்துக் கச்சேரிகள்தான் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையை அப்படி ஒரு வரியில் நோயறிக்கை எழுத முடியாது. ஆனால் ஒன்று மனதில் தங்கிவிட்டது. கேட்க ஆள் இல்லாத நேரத்தில் குழலைக் கண்டுபிடித்த ஒருவர், பிற்காலத்தில் கேட்க ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து போய்க்கொண்டே இருந்தார்.

மோட்சார்ட்டும் அப்படி ஊர் ஊராகக் கொண்டு போகப்பட்ட குழந்தைதான். 1762-இல், ஆறு வயதில், அப்பா அவரையும் அக்காவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். அடுத்த வருடம் தொடங்கிய பெரிய பயணம் மூன்று வருடத்துக்கு மேல் நீண்டது. அரண்மனை அரண்மனையாக வாசித்தார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து, முப்பத்தைந்து வயதில், 1791 டிசம்பரில் இறந்துபோனார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, தன் நண்பர் ஆன்டன் ஸ்டாட்லருக்காக எழுதியதுதான் இந்தக் கிளாரினெட் கான்செர்ட்டோ. அவர் கையால் எழுதிய தாள் இன்று இல்லை, தொலைந்துவிட்டது. 1801-இல் அச்சானதைத்தான் உலகம் முழுக்க வாசிக்கிறோம். சிறு வயது முழுக்க ஆச்சரியப்படுத்த வேண்டியிருந்த ஒருவர், கடைசியில் யாரையும் ஆச்சரியப்படுத்தாத அந்த அடாஜியோவை எழுதியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இது இசை ஆராய்ச்சி அல்ல. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து மாதக்கணக்கில் அதைக் கேட்டவளின் எண்ணம்.

நம் வீடுகளுக்கு வருகிறேன். புலம்பெயர்ந்தவர்கள் நாம். இரண்டு கலாசாரத்திலும் பிள்ளை நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம். கிளீவ்லாண்டில் 1978-இலிருந்து தியாகராஜ ஆராதனை நடக்கிறது. எத்தனை குழந்தைகள் இங்கேயே பிறந்து வளர்ந்து அங்கே வந்து வாசிக்கிறார்கள். பள்ளி பேண்டு, மாவட்டத் தேர்வு, மாநிலத் தேர்வு என்று இன்னொரு பக்கம். இவையெல்லாம் நல்லவை. மேடை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. மேடை இல்லாவிட்டால் ரமணி நமக்குக் கிடைத்திருக்க மாட்டார்.

நான் சொல்வது மேடைக்கு முந்தைய நேரத்தைப் பற்றி. குழந்தை வாசிக்கத் தொடங்கியதும் நாம் போனை எடுத்துப் படம் பிடிக்கிறோம். தாத்தா பாட்டிக்கு வாட்ஸாப்பில் அனுப்புகிறோம். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "அங்கிளுக்கு அதை வாசிச்சுக் காட்டும்மா" என்கிறோம். பாசத்தால்தான் செய்கிறோம். ஆனால் குழந்தை அங்கிளுக்குக் காட்டுவது தெரிந்த துண்டைத்தான். தெரியாததைத் தொடுவதற்கு அதற்கு ஓர் அறையும் ஒரு கதவும் தேவை. நம் வீடுகள் பெரியவை. அறைகளுக்குக் குறைவில்லை. கதவைச் சாத்துவதுதான் நமக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இது இலக்கியக் கூட்டம். நீங்கள் எழுதுகிறவர்கள், வாசிக்கிறவர்கள். இதில் இலக்கியம் எங்கே என்று இவ்வளவு நேரம் பொறுமையாகக் காத்திருந்திருப்பீர்கள். நான் டியூட்டியில் இடைவேளை நேரத்தில் எழுதுகிறவள். நம்முடைய எழுத்துக்கு இன்று என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். காலையில் நாலு பத்தி எழுதுகிறோம். மத்தியானம் முகநூலில் போடுகிறோம். சாயங்காலத்துக்குள் நூறு விருப்பக்குறி. மறுநாள் அந்த நூறு பேரின் காது நம் அறைக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நாம் எதை எழுதுவோம்? நமக்குத் தெரிந்த துண்டைத்தான். விரல் ஓடுகிற துண்டை. ஊர் நினைவு, அம்மா சமையல், விமான நிலையக் கண்ணீர். தப்பில்லாமல் வரும். ஆனால் நமக்கு இன்னும் எழுத வராத ஒன்று இருக்கிறதே, மூன்றாவது வரியில் உடைந்துபோகிற ஒன்று, அதை எங்கே வைத்துப் பழகுவது?

ப. சிங்காரத்தை நினைத்துக்கொள்கிறேன். மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, ஒய்.எம்.சி.ஏ. அறையில் தனியாக வாழ்ந்தவர். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் வெளிவந்தது. அதன் அருமையைத் தமிழ்நாடு உணர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அப்படி ஒரு தனிமையை யாருக்கும் நான் ஆசீர்வாதமாகச் சொல்ல மாட்டேன். வாசகர் இல்லாமல் ஒரு எழுத்தாளர் இருப்பது துயரம்தான். ஆனால் அந்த நாவலின் மொழி, யாருக்கும் வாசித்துக் காட்ட வேண்டிய அவசரம் இல்லாத ஒருவரிடமிருந்துதான் வந்திருக்க முடியும் என்று படுகிறது.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள், எழுதுகிறவர்களுக்கும் அதே வேண்டுகோள். ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேண்டாம், அரை மணி நேரம் போதும். யாரும் கேட்காத நேரமாக அதை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை உங்கள் வீட்டில் பழகும்போது காதைப் பொத்திக்கொள்ளச் சொல்லவில்லை. கேளுங்கள். எங்கே மூச்சு முட்டுகிறது, எங்கே காற்புள்ளி அழிகிறது என்று தெரிந்து வைத்திருங்கள். ஆனால் உங்கள் விரல் நாடியில் இருக்கிறது என்றே அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருக்கட்டும்.

என் நேரம் முடிந்துவிட்டது.  கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.